புலிக்குக் கணக்குப் போட்டவள்

நான் கட்டிக்கொண்டது ஒரு புலியை. பட்டம் என் மாமனார் கொடுத்தது. கல்யாணப் பேச்சு எடுத்த முதல் நாளே, "எங்க பையன் கணக்குல புலிம்மா" என்றார். நான் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவள். எனக்கு எதற்குப் புலி? வேலை முடிந்ததும் ஒழுங்காக வீடு வந்து சேர்கிற மனுஷன் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் ஆளும் அமைந்தார், குறை சொல்லக் கூடாது.

அந்தப் புலியோடு ஒரே பிரசவத்தில் பிறந்தது ஒரு குயில். சில நிமிடம் முந்திக்கொண்டு வந்ததால் அவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. குயில் என்ற பட்டமும் மாமா கொடுத்ததுதான். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் ஒரு கோப்பை வாங்கிவிட்டாராம். அதோடு தீர்ப்பு முடிந்தது. பையனுக்குக் கணக்கு, பெண்ணுக்கு மொழி. ஒரு போர்வையை நடுவில் கிழித்து, இந்தா உனக்கு, இந்தா உனக்கு என்று கொடுக்கிற மாதிரி மாமா பிள்ளைகளுக்கு மூளையைப் பங்கு போட்டுக் கொடுத்தார். கெட்ட மனுஷர் இல்லை. இரண்டு பேர் மேலும் உயிரையே வைத்திருந்தார். ஆனால் பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். எந்த வண்டி எந்தத் தடம் என்று ஒருமுறை எழுதி ஒட்டிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது.

எனக்கு இதெல்லாம் புதுசு. எங்கள் வீட்டில் நாலும் பெண். பங்கு கேட்க ஆண்பிள்ளையே இல்லாத வீட்டில் எதைப் பங்கு போடுவது? ஃப்யூஸ் போனால் யார் பக்கத்தில் நிற்கிறாளோ அவள் போட வேண்டும், அவ்வளவுதான். பெரியவள் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றப் பழகினாள், அவளைப் பார்த்து நானும் பழகினேன். மூன்றாமவளுக்கு அதெல்லாம் ஆகாது. அவள் பாட்டுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள், அவளையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், குழாய் ஒழுகுகிறதே என்று ஸ்பானரைக் கையில் எடுத்தேன். மாமா பதறிப்போனார். "நீ ஏம்மா? அவன் வரட்டும்." அவன் வந்தார். முட்டிபோட்டு, பல்லைக் கடித்து, சட்டையெல்லாம் நனைந்து, ஒழுகல் பீய்ச்சலானது. அவர் துண்டு எடுக்கப் போன நேரத்தில் நான் போய்த் திருகி மூடினேன். "புலி சரி பண்ணிடுச்சு, பாத்தியா?" என்றார் மாமா. என்னத்தைச் சொல்ல!

என் வீட்டுக்காரருக்குக் கிரேன் வேலை. ஓட்டுகிற வேலை இல்லை. பெரிய பெரிய இயந்திரங்களைக் கிரேன் தூக்கும்போது, இந்தக் கிரேன் இதைத் தாங்குமா, எங்கே நிறுத்தித் தூக்க வேண்டும், எவ்வளவு தூரம் கொண்டுபோய் வைக்கலாம் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்று தூக்க வைக்கிற மேற்பார்வையாளர். ஆட்களிடம் வேலை வாங்குவதில் அவரை அடிக்க ஆளில்லை. யாருக்கு வீட்டில் சண்டை, யார் தூங்காமல் வந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். கோபக்கார டிரைவர்கூட அவரிடம் வாலைச் சுருட்டிக்கொள்வான். அதனால் கம்பெனியில் நல்ல பெயர்.

எனக்கு இருந்த ஒரே எரிச்சல் அந்த போன். வேலை நாளில் காலையில் ஒரு போன் கட்டாயம் போகும். எனக்கு இல்லை, அக்காவுக்கு. கட்டிய பெண்டாட்டி சாப்பிட்டாளா செத்தாளா என்று கேட்க நேரமில்லாத மனுஷனுக்கு அக்காவோடு அப்படி என்ன பேச்சு? கேட்டால், "சும்மாடி" என்பார். சும்மா என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணி நடுநிலைப் பள்ளியில் மொழி டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டார். பள்ளிக்குப் பக்கத்திலேயே சின்ன வீடு. பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளைத் திருத்தும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கசப்பு மருந்தை விழுங்குகிற முகம். ஆனால் என் கடைக்கு வந்து உட்கார்ந்தால் ஆளே வேறு. எந்தத் தடிமன் கம்பி, எத்தனை சுற்று, சுற்றைக் குறைத்தால் சூடு எவ்வளவு ஏறும் என்று தோண்டித் தோண்டிக் கேட்பார். பொழுது போகாமல் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பள்ளி விடுமுறை. கடையை என் அக்கா பார்த்துக்கொண்டாள். அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மாமா நடக்கப் போயிருந்தார். நாங்கள் இருவரும் காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணியின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போனார். போகிற போக்கில் அலமாரியிலிருந்து ஒரு பென்சிலையும் எடுத்ததைப் பார்த்துவிட்டேன். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கத்தியை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றேன்.

"கொக்கியோட எடை சேர்த்தியா? சங்கிலி? ம்... தூரம் சொல்லு. இல்ல, தூக்குற இடம் வேணாம், கொண்டுபோய் வைக்கிற இடம்... அவ்ளோதானா? சரி, கிரேனோட எடை அட்டவணப் படத்த அனுப்பு." பென்சில் கீறும் சத்தம் மட்டும். பிறகு, "தாங்கும். தாராளமா இடமிருக்கு. தூக்கலாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்ததும் திருட்டுப் பூனை மாதிரி முழித்தார்.

"என்ன அண்ணி தூக்கலாம்? எதத் தூக்கலாம்?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மா கேட்டான்."

"அந்தச் சும்மாவத்தான் நானும் இத்தன வருஷமாக் கேக்குறேன். புலி வேட்டைக்குப் போற எடத்துல குயிலுக்கு என்ன வேல?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "யார்கிட்டயும் சொல்லாத" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

சின்ன வகுப்பிலேயே தொடங்கியதாம். தம்பிக்கு எண்ணைப் பார்த்தாலே கண் கலங்கும். ஆனால் அப்பா ஊரெல்லாம் புலி புலி என்று சொல்லிவிட்டார். "அவன் தோத்தா அப்பா மூஞ்சி சுருங்கிடும். அதப் பாக்க எங்க ரெண்டு பேராலயும் முடியாது. நான் போட்டுக் குடுத்தேன், அவன் பாத்து எழுதினான். பதிலுக்கு எனக்குக் கட்டுர எழுதிக் குடுப்பான்."

"அப்ப அந்தப் பேச்சுப் போட்டிக் கோப்ப?"

"அவன் எழுதுனது. நான் ஒப்பிச்சேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "மேல படிக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்ல அண்ணி?"

"கேட்டேனே. நான் கணக்கு எடுக்கட்டுமாப்பான்னு கேட்டேன். 'வீட்டுக்கு ஒரு புலி போதும்மா'ன்னு சிரிச்சாரு. அவன் அங்க நின்னுக்கிட்டு இருந்தான். நான் சொன்னா அவன் மானம் போகும். சொல்லலன்னா என் படிப்பு போகும். அப்ப எனக்கு அழுக வரல, அப்படியொரு கோவம். யார் மேலன்னுதான் இன்னும் தெரியல."

மேற்பார்வையாளர் சான்றிதழ்த் தேர்வுக்கும் அண்ணிதான் புத்தகத்தைப் படித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இவருக்கு ஞாபகம் அபாரம், பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து தேறிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு தூக்கலுக்கும் அக்காவிடமிருந்து கணக்கு போனில் போகும். அதாவது, இரும்பைத் தூக்குகிற இடத்தை அண்ணி ஒருநாளும் பார்த்ததில்லை. கணக்கை இவர் ஒருநாளும் போட்டதில்லை. "அண்ணி, கீழ ஆளுங்க நிப்பாங்களே!" என்றேன். "ஒரு தடவகூடத் தப்பானதில்லம்மா" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்போதுதான் என் போனில் படம் வந்து விழுந்தது. அதிசயமாக எனக்கு. புலி தலைக்கவசத்தோடு, கையில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. கீழே 'புலி வேட்டையில்' என்று எழுதியிருந்தது. "இந்தாங்க, உங்க தம்பி லட்சணத்தப் பாருங்க" என்று போனை நீட்டினேன்.

அண்ணி சிரித்தபடி வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முகத்தைப் பெரிதாக்குகிறார் என்று நினைத்தேன். விரல் முகத்தை விட்டு டேப்பின் வழியே நகர்ந்தது. டேப்பின் முனை எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்தார். அப்படியே உறைந்துவிட்டார்.

"என்னண்ணி?"

"டேப்பக் கிரேன் கால்ல மாட்டியிருக்கான்" என்றார்.

கிரேன் தூக்குவதற்கு முன் கவிழாமல் இருக்கப் பக்கவாட்டில் இரும்புக் கால்களை நீட்டி ஊன்றும். நீட்டினால் வண்டியை விட்டு வெகுதூரம் வெளியே வந்துவிடும். தூரத்தை அந்தக் காலிலிருந்து அளக்கக் கூடாதாம். கிரேன் எந்த அச்சில் சுற்றுகிறதோ அந்த நடு மையத்திலிருந்துதான் அளக்க வேண்டுமாம். தூரம் கூடக் கூடக் கிரேன் தாங்கும் எடை மளமளவென்று குறையும். இவர் காலிலிருந்து அளந்துவிட்டார். அண்ணி போட்ட கணக்கில் மூன்று மீட்டர் காணாமல் போயிருந்தது.

"இத்தன நாளும் சரியாத்தான அளந்தாரு?"

"அவன் எங்க அளந்தான்? கூட ஒருத்தர் கொக்கி மாட்டுவாரு, அவர்தான் அளந்து சொல்லுவாரு. அவர் இந்த வாரம் லீவுன்னு சொன்னான். நான் கேக்கல. எங்கேருந்து அளந்தன்னு ஒரு வார்த்த கேக்கல. 'சுழலும் மையத்திலிருந்து'ன்னு அந்த வரிய அட்சரம் பிசகாம ஒப்பிப்பான்மா! ஒப்பிக்கிறவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டேன்."

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. நானும் என் போனிலிருந்து போட்டேன். எடுக்கவில்லை. தூக்கும் நேரத்தில் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார், கவனம் சிதறக் கூடாது என்று. அவருடைய அந்த ஒழுங்கை அன்று நான் வாயாரச் சபித்தேன்.

அடுப்பை அணைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. ஸ்கூட்டரை எடுத்தேன், அண்ணி பின்னால் ஏறினார். வேலையிடம் எங்கே என்று எனக்குத் தெரியும். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எழும்புகிற புது அலுவலகக் கட்டடம். வழியெல்லாம் அண்ணி என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கடவுளைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், எண்கள். திருப்பித் திருப்பிக் கணக்கைப் போட்டுக்கொண்டு வருகிறார், எப்படியாவது தாங்கிவிடாதா என்று. சிக்னலில் சிவப்பு விழுந்தது. "தாங்குமா அண்ணி?" என்று கத்தினேன். "தாங்காது. நிக்காத, போ!" என்றார். வாழ்நாளில் சாலை விதியை மீறாத அண்ணி சொன்னார், நானும் போனேன். பின்னால் யாரோ அசிங்கமாகத் திட்டினார்கள். திட்டட்டும்.

தூரத்திலேயே கிரேனின் நீண்ட கை தெரிந்தது. அதன் நுனியில் ஒரு பச்சை நிறப் பெட்டி தொங்கியது. ஜெனரேட்டர். ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும்.

வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். "தலைக்கவசம் இல்லாம உள்ள விடமாட்டோம்மா. யாரப் பாக்கணும்?" நான் அவரோடு மல்லுக்கட்டினேன். "யோவ், ஆள் சாகப்போகுதுய்யா, வழிய விடு!" அவர், "மரியாதயாப் பேசுங்க" என்று என்னிடம் திரும்பிய இடைவெளியில் அண்ணி உள்ளே போய்விட்டார். ஓடினார். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினார்.

நானும் பின்னால் ஓடினேன். கிரேன் அந்த நேரத்தில் ஜெனரேட்டரை இடுப்புயரச் சுற்றுச்சுவருக்கு மேலாகத் தாண்ட வைத்து, தன் கையை மெல்ல மெல்லத் தாழ்த்தி வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அதை இறக்கி வைக்கிற மேடை. மேடை மேல் மூன்று பேர் அண்ணாந்து பார்த்தபடி, வந்ததும் பிடித்துத் திருப்புவதற்குத் தயாராகக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் இன்னும் வா, இன்னும் வா என்று டிரைவருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி கத்தவில்லை. கத்தினால் அந்த இயந்திரச் சத்தத்தில் யார் காதில் விழும்? டிரைவரின் கண்ணுக்கு நேரே போய் நின்று, இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் அகல விரித்து, உள்ளே வெளியே என்று வேகமாக வீசினார். அவசரமாக நிறுத்து என்பதற்கு அதுதான் சைகையாம். மற்றச் சைகைக்கெல்லாம் மேற்பார்வையாளர் கையைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் நிறுத்து என்று யார் காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டுமாம். புத்தகத்தில் படித்துத் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

கிரேன் நின்றது. பெட்டி மட்டும் லேசாக ஆடியது. அதன் நிழலும் மேடை மேல் நின்றவர்கள் மீது ஆடியது.

சைட் இன்ஜினியர் ஓடி வந்தார். "யாரும்மா நீங்க? யாரு உள்ள விட்டது?"

என் வீட்டுக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அண்ணிக்கு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தார். அதிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"நான் இவனோட அக்கா. வீட்ல ஒரு அவசரம். அதான் கூப்பிட வந்தேன்."

பொய்! அந்த நிலையிலும் தம்பியைக் காப்பாற்றப் பொய்! சொல்லிவிட்டுத் தம்பியிடம் கண்ணாலேயே கெஞ்சினார். இறக்கு, ஏதாவது சாக்குச் சொல்லி இறக்கு என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவர் கன்னத்திலும் ஒன்று வைத்திருப்பேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிய.

என் வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. "சார், இத இறக்கி வச்சுட்டுப் போறேன்" என்றார்.

"எங்க இறக்குவ? லாரி போயாச்சு. இன்னும் கொஞ்ச தூரந்தான. நீ கெளம்பு, நான் பாத்துக்குறேன்." இன்ஜினியர் டிரைவர் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரர் காட்டிய அதே சைகைக்குக் கையைத் தூக்கினார்.

"வேணாம் சார்!"

இப்படி ஒரு சத்தம் என் வீட்டுக்காரரிடமிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஓடிப்போய் இன்ஜினியரின் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கிவிட்டார்.

"வெளிய நீட்டாதீங்க சார். நான் அளந்தது தப்பு. கால்லேருந்து அளந்துட்டேன்."

"என்னய்யா ஒளர்ற? காலையில கணக்குப் போட்டுக் குடுத்தது நீதான?"

டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார். மேடை மேல் நின்ற மூன்று பேரும் எங்களையே பார்த்தார்கள். அண்ணி, தம்பிக்கு மட்டும் தெரிகிற மாதிரி, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இல்ல சார்" என்றார் அவர். "எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. இவங்கதான் போட்டாங்க. இன்னைக்கு மட்டுமில்ல, எப்பவுமே எங்க அக்காதான் போடும். எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்."

சொல்லிவிட்டு அழுதார். நாலு ஆள் முன்னால், தலைக்கவசத்தோடு. இன்ஜினியர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு வந்தது பாருங்கள் வசவு, அதை எழுதினால் காகிதம் கூசும். எத்தனை தூக்கல், எத்தனை பேர் உயிர், போலீஸ், ஜெயில் என்று வரிசையாக வந்தது. நியாயம்தான்.

குறுக்கே வெட்டியது அண்ணி.

"அவன அப்புறம் திட்டுங்க சார். மொதல்ல அந்த மூணு பேர மேடைய விட்டு எறங்கச் சொல்லுங்க. பாரம் இன்னும் தொங்குது."

வகுப்பறையில் பேசுகிற குரல் இல்லை அது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. இன்ஜினியர் வாயை மூடினார். மேடையில் நின்றவர்கள் சொல்லும் முன்பே குதித்து ஓடினார்கள்.

"தம்பி, கிரேன் கைய மேல ஏத்தச் சொல்லு. சுத்தாத, வெளிய விடாத. மேல ஏத்துனா பாரம் உள்ள வரும். மெதுவா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சைகை காட்டினார். பெருவிரல் மேலே. கிரேனின் கை அங்குலம் அங்குலமாக நிமிர்ந்தது. பச்சைப் பெட்டி எங்கள் பக்கம் வந்தது. அண்ணி அதன் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. உதடு எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கிரேனுக்குப் பக்கத்தில் காலியிடத்தில் மரக்கட்டைகளைப் போட்டு, அதன் மேல் பெட்டியை உட்கார வைத்தார்கள். சங்கிலி தளர்ந்ததும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் இறங்கி வந்தார். பீடி பற்ற வைத்தார். "பின்னங்கால் லேசாகுற மாதிரி எனக்கே இருந்துச்சு சார்" என்றார். "மணி அடிக்கலையே, சரி போவோம்னு இருந்துட்டேன்." பாரம் மீறினால் கத்த வேண்டிய மணி அந்தக் கிழட்டுக் கிரேனில் வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

அண்ணி டேப்பைக் கேட்டு வாங்கினார். ஒரு முனையைத் தம்பியிடம் கொடுத்து, "நடுவுல புடி. சுத்துற எடத்துல" என்றார். அவர் பிடித்தார். மறுமுனையைச் சுவர் வரை அண்ணியே இழுத்துக்கொண்டு போனார், ஒற்றைச் செருப்போடு. திரும்பி வந்து, சுவரிலிருந்து மேடை வரை உள்ள தூரத்தையும் சேர்த்து, ஒரு பலகை மேல் பென்சிலால் போட்டு இன்ஜினியருக்குக் காட்டினார். மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கவிழ்ந்திருக்கும். சந்தேகமே இல்லை. இன்ஜினியர் பலகையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார். "நீ நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம். மேல என்ன நடவடிக்கன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க." பாராட்டு, நன்றி எதுவும் இல்லை. எதிர்பார்க்கவும் முடியாது.

வீட்டுக்கு வந்தபோது மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். பாதி நறுக்கிய காய் அப்படியே கிடந்தது. நல்லவேளை, அடுப்பு அணைந்திருந்தது. "என்னடா இந்நேரத்துக்கு? எல்லாரும் சேர்ந்து எங்க போனீங்க?"

என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அன்று நடந்ததை மட்டும் இல்லை, சின்ன வகுப்பிலிருந்து. கட்டுரை, கோப்பை, சான்றிதழ்த் தேர்வு, தினசரி போன். மாமா மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷருக்கு மார்வலி வந்துவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை.

மகன் சொல்லி முடித்தார். பிறகு மாமா மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

"நீ அவனுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்திருக்கலாம்லம்மா?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமா!" என்று மேசையில் ஓங்கி அடித்தேன். தண்ணீர் டம்ளர் உருண்டது. "உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா? இவ்ளோ நடந்தும் அண்ணி மேலயா குத்தம்? மூணு உயிரக் காப்பாத்திட்டு ஒத்தச் செருப்போட வந்து நிக்கிறாங்க, தெரியலையா?"

"நீ இரும்மா" என்றார் அண்ணி. அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. அப்பாவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லிக் குடுத்தேன்ப்பா. இத்தன வருஷம் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். உங்ககிட்டதான் சொல்லல."

"ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாப்பா?"

மாமா வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எந்த அப்பனும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வான். அவர் சொல்லவில்லை. மகளின் முகத்தை, அதுவரை பார்க்காத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாட்டேன்மா" என்றார். "நம்பியிருக்க மாட்டேன்."